மண்ணடிப் பவளப்பாம்பு அடையாளத் தாள்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் சருகுக்கும் ஈரமண்ணுக்கும் அடியில் வாழும் வரிப் பவளப்பாம்பு (கேலியோஃபிஸ் நைக்ரசென்ஸ்) பற்றிய, அதை இனங்காண உதவும் அடையாளத் தாள் அச்சாகிவிட்டது. 1862-இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்த இனம் இது. மற்ற பாம்புகளைத் தின்னும். நச்சுப்பல் சிறியதுதான், ஆனால் வாயின் முன்புறமே இருக்கிறது.

முதல் நன்றி எஸ்டேட் தொழிலாளர்களுக்கு. “வயிறு சிவப்பாக இருந்தால் பவளப்பாம்பு” என்று முதல் வரைவில் இருந்ததை அடிக்கச் சொன்னவர்கள் அவர்களே. ஆனைமலையில் தெரெட்ரூரஸ் சாங்குயினியஸ் என்ற நஞ்சில்லாத கேடயவால் பாம்புக்கும் வயிறு சிவப்புதான். இப்போது தாளில் இருப்பது வேறு அடையாளம்: பவளப்பாம்பின் வயிற்றுச் செதில் வயிற்றின் முழு அகலத்துக்கும் பட்டையாக ஓடும், கேடயவாலுக்கு அது குறுகலாக, பக்கச் செதிலைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். வாலை மட்டும் நம்ப வேண்டாம். கேடயவால்கள் எல்லாவற்றுக்கும் வால்நுனி சொரசொரப்பாக இருப்பதில்லை. உயிருள்ள பாம்பைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டாம்! பக்கவாட்டுப் படம் போதும்: மேலுதட்டின் மூன்றாம் செதில் மூக்குச் செதிலையும் கண்ணையும் ஒருசேரத் தொட்டால் அது பவளப்பாம்பாகவோ நாகமாகவோ இருக்கும். இரண்டுமே கையால் தொடக்கூடாதவை.

படம் அனுப்பியவர்களுக்கு நன்றி. பிளாஷை நேராக அடித்த படங்கள் பயன்படவில்லை. செதில் பளபளப்பதால் வரிகள் வெளுத்துப் போகின்றன. டார்ச்சை ஒருவர் பக்கவாட்டில் பிடிக்க, இன்னொருவர் எட்ட நின்று ஜூம் செய்து எடுத்தவையே தாளில் இடம்பெற்றன.

சாலையில் அடிபட்ட பாம்புகளைப் பற்றித் தகவல் தந்த வனக் காவலர்களுக்கும், முறைப்படி அனுமதி தந்த வனத்துறையினருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அனுமதியில்லாமல் செத்த பாம்பைக்கூட எடுத்து வைக்கக்கூடாது. அடிபட்டுச் செத்த பாம்புகளைப் பாதுகாத்துத் தந்த ஆய்வக உதவியாளர்கள் வரிசை மாறாமல் செய்தார்கள்: முதலில் வண்ணப்படம், ஏனென்றால் பதப்படுத்தும் திரவத்தில் சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும். அடுத்து ஒரு துண்டு தசை ஆல்கஹாலில். உடலை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் பட்டால் டி.என்.ஏ. சிதையும். பிறகுதான் ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். வயிற்றில் ஊசி வழியாகவும் செலுத்தாவிட்டால் வெளித்தோல் இறுகி, உள்ளே குடல் அழுகும். கடைசியில் நன்றாக அலசி 70% ஆல்கஹாலுக்கு மாற்றினார்கள். செத்த தலையும் அனிச்சையாகக் கடிக்கும் என்பதால் இடுக்கி இல்லாமல் யாரும் தொடவில்லை.

முதலுதவிப் பகுதியைத் திருத்திய மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் தனி நன்றி. பல பாம்புகளின் கடிக்கும் பொதுவாகத் தரப்படும் நம் நாட்டு நஞ்சு முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாராவது; பவளப்பாம்பு அதில் இல்லை. ஆகவே கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கையை அசையாமல் மரச்சட்டம் வைத்து, செயற்கை மூச்சுக்கருவி (வென்டிலேட்டர்) உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலியோ வீக்கமோ இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது. கண்ணிமை சரிவதும் விழுங்க முடியாமல் திணறுவதும் தாமதமாகவும் தெரியலாம்.

தாள் லைன் வீடுகளின் முகப்பிலும் நாற்றங்கால் கொட்டகையிலும் ஒட்டப்படும். சருகு அள்ளும் முன் நீளக் குச்சியால் கிளறச் சொல்லும் வரி, மேஸ்திரிகள் கேட்டபடி பெரிய எழுத்தில் மேலேயே இருக்கிறது.

நன்றியுடன்,
அடையாளத் தாள் தயாரிப்புக் குழு