அந்த 17ஆம் வசனம்

டேய் நண்பா, ஸ்தோத்திரம்டா.

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு. அன்னைக்கே பதில் எழுத உக்காந்தேன், முடியல, இயேசு திரும்ப வரும்போது விசுவாசிகள் மேகத்துல எடுத்துக்கொள்ளப்படுவாங்கன்னு சொல்ற 1 தெசலோனிக்கேயர் 4:17 பத்தி நீ கேட்டது ரெண்டு வரில சொல்லி முடிக்கிற விஷயமும் இல்ல. பாப்பா நடுராத்திரி எழுந்து வந்து நீங்க ரெண்டு பேரும் படுத்திருக்கீங்களான்னு கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போறான்னு எழுதியிருந்தியே, அந்த இடத்துலயே மனசு நிக்குது. சபை கன்வென்ஷன்ல பிரசங்கம் பண்ண அந்த ஊழியர் திரையில சார்ட் போட்டு, உலக முடிவுல வரும்னு சொல்ற ஏழு வருஷ உபத்திரவம், முத்திரை, அந்திக்கிறிஸ்துன்னு ஒவ்வொண்ணா காட்டிட்டு கடைசில பிள்ளைங்க பக்கம் திரும்பி, இன்னைக்கு ராத்திரி இயேசு வந்தா உங்க வீட்டுல யாரு போவாங்க யாரு இருப்பாங்கன்னு கேட்டாராமே. பத்து வயசுப் பிள்ளைகிட்ட கேக்குற கேள்வியாடா அது? எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு.

அந்த பயம் எனக்குத் தெரியும், உன்கிட்ட கூட இத்தன வருஷத்துல சொன்னதில்ல. ஸ்கூல் விட்டு வந்து வீடு அமைதியா இருந்தா நான் மொதல்ல பாக்குறது வாசல்ல அம்மா செருப்பு இருக்கான்னு தான். செருப்பு இல்லன்னா நிம்மதி, எங்கயோ வெளிய போயிருக்காங்க. செருப்பு கிடந்து அம்மா இல்லன்னா தான் அடிவயிறு கலங்கும், ஏன்னா எடுத்துக்கொள்ளப்படறவங்க செருப்ப மாட்டிட்டு போகமாட்டாங்கன்னு நானே ஒரு கணக்கு வெச்சிருந்தேன். ஒரு நாள் அப்படித்தான், செருப்பு கிடக்கு, கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் பதில் இல்ல, ரூம் ரூமா ஓடறேன், கடைசில பாத்தா பின்பக்கம் வெறுங்காலோட துணி காயப்போட்டுட்டு இருக்காங்க. ஓடிப்போய் இடுப்பக் கட்டிக்கிட்டு அழுதேன். ஏன்டான்னு கேட்டாங்க, சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

போன வருஷம் அம்மா தவறினப்ப கல்லறைல பாஸ்டர் வாசிச்சதும் அதே பகுதிதான், 1 தெசலோனிக்கேயர் 4. அந்த 17ஆம் வசனத்த அதுக்கு முன்னாடி நூறு தடவையாவது கேட்டிருப்பேன், எல்லாம் எச்சரிக்கைக் கூட்டத்துலதான். அன்னைக்குத்தான் 13ல ஆரம்பிச்சு 18 வரைக்கும் முழுசா கேட்டேன், மண்ணு போட்டுட்டு இருக்கும்போது. வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப படிச்சேன், அதுக்கப்புறம் இந்த ஒரு வருஷமா கிடைச்ச விளக்கவுரை எல்லாம் புரட்டிட்டு இருக்கேன், நீ கேட்டதுக்கு எனக்குக் கிடைச்சத சொல்றேன்.

அப்போஸ்தலன் பவுல் அந்த நிருபத்த, அதாவது தெசலோனிக்கே சபைக்கான கடிதத்த, எழுதினது ஏறக்குறைய கி.பி. 50, 51ல. அது புது சபை. இயேசு சீக்கிரம் வருவார்னு காத்திருக்காங்க, அதுக்குள்ள அவங்கள்ல சில பேர் செத்துப்போறாங்க. உடனே அவங்களுக்கு ஒரு கலக்கம், வர்ற நாள்ல உயிரோட இருக்கறவங்க அவரப் பாப்பாங்க, மண்ணுக்குள்ள போனவங்க கதி என்ன, அவங்க விடப்பட்டுருவாங்களோன்னு. கவனிச்சியா? அவங்க பயந்தது தங்களுக்காக இல்லடா, செத்தவங்களுக்காக. அதுக்குப் பவுல் சொல்ற பதில்தான் கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பாங்க, அப்புறம்தான் உயிரோட இருக்கற நாம, அதுவும் "அவர்களோடேகூட" போவோம்ங்கறது. யாரும் விடப்படல, அதுதான் அங்க செய்தியே. 18ஆம் வசனத்துல இந்த வார்த்தைகளால ஒருத்தர ஒருத்தர் தேத்துங்கன்னு முடிக்கறார். துக்க வீட்டுக்கு எழுதின ஆறுதலடா அது. அத எடுத்துத்தான் உன் பொண்ணோட தூக்கத்தக் கெடுத்திருக்காங்க.

இன்னொண்ணு இருக்கு, அது நம்ம தமிழ் பைபிள்லயே கண்ணு முன்னாடி கிடக்கு. 17ஆம் வசனத்துல கர்த்தருக்கு "எதிர்கொண்டுபோக"ன்னு இருக்கில்ல, மத்தேயு 25ல பத்து கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டு போறதும் அதே வார்த்தைதான். அப்போஸ்தலர் 28:15லயும் அதே. பவுல் கைதியா ரோமாபுரிக்கு வர்றார்னு கேள்விப்பட்டு அங்க இருக்கற சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வர்றாங்க, அப்பியுபுரம்னா ரோமுக்கு வெளிய 60 கிலோமீட்டருக்கு மேல. கிரேக்கத்துல மூணு இடத்துலயும் அபாந்தேசிஸ்ங்கற ஒரே சொல். நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் மூணு இடத்துலயும் எதிர்கொண்டுன்னே போட்டிருக்காங்க, அதப் பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வர்றவர எதிர்கொண்டு போறதுன்னா என்னன்னு நமக்குத் தெரியாதா, பாதி வழி போய் அவரக் கையோட கூட்டிட்டு வர்றது. அந்த சகோதரர்கள் பவுலோட அப்பியுபுரத்துலயே தங்கிடல, ரோமாபுரிக்குத்தான் திரும்பினாங்க. அப்போ மேகத்துல அவர எதிர்கொண்டு போறவங்களும் அவரோட சேர்ந்து இங்கதான் வர்றாங்கன்னு பல வேத அறிஞர்கள் சொல்றாங்க. வசனம் அதுக்கப்புறம் எந்தப் பக்கம்னு சொல்லாம எப்பவும் கர்த்தரோட இருப்போம்னு நிறுத்திடுது, அதனால இத வெச்சு மட்டும் அடிச்சுப் பேச முடியாது. ஆனா வெளிப்படுத்தின விசேஷம் 21 படிச்சுப் பாரு, பரிசுத்த நகரம் மேல போகல, இறங்கி வருது, தேவன் மனுஷங்க நடுவுல வந்து குடியிருக்கார், கண்ணீரத் துடைக்கறார்.

நீ கேட்டிருந்த இன்னொரு விஷயம், இரகசிய வருகை, அதாவது உபத்திரவத்துக்கு முன்னாடியே சபை சத்தமில்லாம எடுக்கப்பட்டுரும்ங்கறது, அது ஆதியில இருந்தே எல்லாரும் நம்பினதான்னு. இல்லடா. அது ஒரு முழு போதனையா பரவினது 1830கள்ல ஜான் நெல்சன் டார்பிங்கற பிரசங்கி மூலமா, அப்புறம் 1909ல ஸ்கோஃபீல்ட் பைபிள் வந்து அடிக்குறிப்புலயே அத போட்டதால வசனம் எது விளக்கம் எதுன்னு பிரிச்சுப் பாக்காமலே நிறைய பேர் படிச்சாங்க. அதுக்காக அத நம்பறவங்கள நான் லேசா பேசமாட்டேன். என் மனைவி குடும்பம் மொத்தமும் அந்த நம்பிக்கைலதான் இருக்காங்க, அவங்கள விட ஜெபிக்கிறவங்கள நான் பாத்ததில்ல. அவங்க காட்டற வசனமும் பலமானதுதான், தேவன் நம்மள கோபாக்கினைக்கு நியமிக்கலன்னு 1 தெசலோனிக்கேயர் 5:9, சோதனைக்காலத்துக்குத் தப்பக் காப்பேன்னு வெளிப்படுத்தின விசேஷம் 3:10. ஆனா அந்த 3:10ல வர்ற கிரேக்கச் சொற்சேர்க்கை இன்னும் ஒரே ஒரு இடத்துலதான் வருது, யோவான் 17:15. அங்க இயேசு என்ன ஜெபிக்கறார்? இவங்கள உலகத்துல இருந்து எடுத்துக்கச் சொல்லி கேக்கல, தீமைல இருந்து காக்கச் சொல்லித்தான் கேக்கறேன்னு. இது எனக்கு ரொம்ப கனமா பட்டுச்சு.

வயல்ல ரெண்டு பேர், ஒருத்தன் ஏற்றுக்கொள்ளப்படுவான் ஒருத்தன் கைவிடப்படுவான்னு பாப்பாவுக்கு மனப்பாடம் பண்ண வெச்சிருக்காங்கன்னு எழுதியிருந்த. அதுக்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படி, மத்தேயு 24:39. நோவா காலத்துல வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போச்சுன்னு இருக்கு, வாரிட்டுப் போனது நியாயத்தீர்ப்புக்குள்ள வந்தவங்கள, மிஞ்சினது நோவா குடும்பம். அப்போ அங்க எடுக்கப்படறது நல்லதா, விடப்படறது நல்லதான்னு அறிஞர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு. பிள்ளைய பயமுறுத்தற அளவுக்கு அது தெளிவான வசனம் இல்லடா.

வெளிப்படுத்தின விசேஷம் 20ல வர்ற கிறிஸ்துவோட ஆயிர வருஷ அரசாட்சி பத்தி சுருக்கமாத்தான் சொல்ல முடியும். ஜஸ்டின், ஐரேனியஸ் மாதிரி ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் சிலர் அது பூமிலயே வரப்போற ஆயிரம் வருஷம்னு நம்பினாங்க. பிற்பாடு வந்த பெரிய வேத அறிஞர் அகஸ்டினும் மொதல்ல அப்படித்தான் நம்பினார், அப்புறம் மாத்திக்கிட்டு அது இப்ப நடக்கற சபையின் காலம்தான்னு எழுதினார், அதுக்கப்புறம் நூத்துக்கணக்கான வருஷம் சபை பெரும்பாலும் அவர் பின்னாடிதான் போச்சு. அவ்வளவு பெரிய மனுஷனே மனசு மாத்திக்கிட்ட இடத்துல சார்ட் போட்டு தேதி வரைக்கும் சொல்றவங்க எந்த தைரியத்துல சொல்றாங்கன்னு எனக்குப் புரியல.

தேதி சொன்னவங்க கதையும் உனக்குத் தெரியணும். வில்லியம் மில்லர்ங்கற அமெரிக்கப் பிரசங்கி தானியேல் 8:14ல இருக்கற 2300 நாள வருஷமாக்கி, கி.மு. 457ல இருந்து எண்ணி, 1843 வாக்குல வருவார்னார், அது தப்பி கடைசில 1844 அக்டோபர் 22ன்னு நின்னுச்சு. எத்தனையோ ஆயிரம் பேர் அன்னைக்குக் காத்திருந்தாங்க, சிலர் வயல்ல பயிர அறுக்காமலே விட்டுட்டாங்க. விடிஞ்சப்ப அவங்க பட்ட வேதனைய நினைச்சா வயிறு எரியுது. ஹரோல்ட் கேம்பிங்னு ஒரு அமெரிக்க ரேடியோ பிரசங்கி 2011 மே 21ன்னார், சிலர் சேமிச்சத எல்லாம் விளம்பரத்துக்குக் கொடுத்தாங்க. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர ஒருத்தரும் அறியாருன்னு ஆண்டவர் வாயாலயே சொல்லியிருக்கும்போது எதுக்குடா இந்த கணக்கு?

வெளிப்படுத்தின விசேஷம் 13ல மிருகத்தோட இலக்கமா வர்ற 666 பத்தி உன் தம்பி அனுப்பின வீடியோவ பாத்தேன், பார்கோடும் சிப்பும்தான் அதுன்னு. ரோமப் பேரரசன் நீரோவோட பேர நீரோன் சீசர்னு எபிரெய எழுத்துல எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணக் கூட்டினா 666 வரும், சில பழைய பிரதிகள்ல 616ன்னு இருக்கு, நீரோன்ல இருக்கற கடைசி 'ன்' எழுத்த விட்டா 616ம் வருது. யோவான் அத எழுதினது மொதல்ல அன்னைக்கு ரோம ராஜ்யத்துக்கு அடியில நசுங்கிட்டு இருந்த சபைகளுக்குன்னு நினைச்சுப் படிக்கச் சொல்லு.

என் அம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு நான் நினைக்கறேன்னு லெட்டர் கடைசில கேட்டிருந்த. இதுலயும் சபைகளுக்குள்ள வித்தியாசம் இருக்கு, உயிர்த்தெழுதல் வரைக்கும் நித்திரைன்னு ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரங்க சொல்றாங்க. நான் பிலிப்பியர் 1:23 பக்கம் நிக்கறேன், தேகத்த விட்டுப் பிரிஞ்சு கிறிஸ்துவோட இருக்கறது, அது அதிக நன்மைன்னு பவுல் சொல்றாரே அது. ஆனா அதுவும் பாதிதான்டா, அம்மா எழுந்திருக்கணும், உடம்போட. அத நான் முழு மனசோட நம்பறேன், அந்த செருப்புக் கதைய அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லுவேன்.

பாப்பாகிட்ட நீயே உக்காந்து 13ல இருந்து 18 வரைக்கும் வாசி, நடுவுல நிறுத்தாம. எதிர்கொண்டு போறதுன்னா என்னன்னு கேட்டா நீ வேலைல இருந்து வரும்போது அவ தெருமுனை வரைக்கும் ஓடி வருவாளே, அதச் சொல்லு. அவ கேக்கற கேள்விய அப்படியே எழுதி அனுப்பு. 2 தெசலோனிக்கேயர் 2ல வர்ற "தடைசெய்கிறவன்" யாருன்னு கேட்டிருந்தல்ல, அதுக்கு அடுத்த லெட்டர்ல எழுதறேன், அது தனியா எழுத வேண்டிய விஷயம். வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லு.

உன் நண்பன்