ஸ்ரெதஸ்கோப்பை இப்ப அனுப்பாதே

மச்சான்,

நீ மூன்று தரம் எடுத்தாய். வேண்டுமென்றுதான் போனைத் தூக்கவில்லை. கோபமில்லை, உன்ர முதல் கேள்விக்குப் பயம். எழுதினால் நீ இடையில் புகுந்து கதைக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ, வாய்க்கு ஒன்றுமில்லை. காலபோகத்துக்கு உழுதாயிற்று, மழைதான் மனம் வைக்கவில்லை. பெரியதம்பியற்ற மாடு இன்னமும் எங்கட வேலியைத்தான் தேடி வருகிறது. சிரி, சிரி.

மகள் மருத்துவத்துக்கென்று ஏ.எல். (உயர்தர) சோதனையை இரண்டாம் தரம் எடுக்கிறாள். சித்திரையில் வந்த றிசல்ட்டில் ஒரு பி, இரண்டு சி. 2024 நவம்பர் 25இல் தொடங்கிய சோதனை, வெள்ளத்தால் இடையில் நின்று டிசம்பர் 4இல்தான் தொடர்ந்தது. அந்த நாட்களில் புத்தகத்தை மூடவும் பயம், திறக்கவும் பயம் அவளுக்கு. இந்த முறை 2025 நவம்பர் 10. அதுவும் மாரிக்குள்தான்.

விடிய நாலு மணிக்கு எழும்பி, மணிக்கூட்டை முன்னால் வைத்துவிட்டுப் பழைய வினாத்தாளோடு குந்துவாள். 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. போன கிழமை பின்காட்டில் யானை வெடிச் சத்தம். நான் ரோச்சைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், இவள் நிமிரவில்லை. "அப்பா, 31இல நிக்கிறன், லைற்றை மறைக்காதேங்கோ" என்கிறாள்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசற் புள்ளி (Z-score) என்றால் என்னவென்று உரக்கடை பில்லின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினாள். எடுத்த புள்ளியில் எல்லோருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால், வகுக்க வேண்டுமாம். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து, பிறகு அதற்கொரு சராசரி. "எங்களுக்கு நாலு பாடம், 400க்குக் கூட்டினால் முடிஞ்சுது" என்றேன். "அதுதான் வயலுக்கு வந்தனீங்களோ?" என்றாள். உன்னிடம்தான் பழகியிருக்கிறாள் இந்த வாய்.

இதற்குள் எங்கட சொந்தக்காரர் வேறு: "உங்களுக்கென்ன, கிளிநொச்சிக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே." வெட்டுப்புள்ளி என்றால் இடம் கிடைக்க வேண்டிய ஆகக் குறைந்த இசற் புள்ளி. பல்கலைக்கழகத்தில் நூறு இடத்தில் 40 அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டச் சனத்தொகைக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. சனமே குறைந்த மாவட்டத்துக்கு மருத்துவத்தில் எத்தனை இடம் வரும்? கணக்குத் தெரியாமல் கதைக்கிறதுகள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சாப்பிடும்போது சொன்னாள்: மருத்துவம் கிடைக்காவிட்டால் மூன்றாம் தரம் எடுக்கமாட்டாளாம். அறிவியல்நகர் விவசாயபீடம் போதுமாம். வீட்டிலிருந்தே போய்வரலாமாம், நெல்லைப் பற்றிப் படிக்க விருப்பமாம். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். நாங்கள் படித்த காலத்தில் போரால் இடம்பெயர்ந்து மல்லாவியில் கிடந்தது, மண்ணெண்ணெய்த் தடை, ஜாம் போத்தல் விளக்கு, மூக்குக்குள் கரி, எல்லாவற்றையும் கொட்டினேன். "இவ்வளவு வெளிச்சத்தில் இருந்துகொண்டு உனக்கு ஏலாதோ?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "அந்த விளக்கை ஏனப்பா ஒவ்வொரு நாளும் என்ர மேசையில கொண்டுவந்து வைக்கிறியள்?" என்று கேட்டாள். சத்தமே இல்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படிக்கக் குந்திவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு நித்திரை இல்லை. நெல்லைப் படிக்கிறது எனக்கு ஏன் குறைச்சலாகப் பட்டது? அந்த நெல்லில்தானே அவளுக்கு ரியூசன் காசு கட்டினேன். மனுசி இன்னொன்றும் சொன்னாள், அதுதான் குத்துகிறது. உன்ர போன் அடித்தால் மகள் கிணற்றடிக்குப் போய் நிற்கிறாளாம். "டொக்டர் பிள்ளை எப்படி?" என்று ஸ்பீக்கரில் வரும் என்று. நீ பாசத்தில் கேட்கிறாய், தெரியும். பழக்கினது நான்தான்.

அதனால் மச்சான், வாங்கி வைத்திருக்கும் ஸ்ரெதஸ்கோப்பை இப்ப அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை எடு, தூக்குவேன். போனை அவளிடம் கொடுத்தால் சோதனையைப் பற்றி வாயே திறக்காதே. மாட்டைப் பற்றிக் கேள். அவளிடம் நிறையக் கதை இருக்கிறது.

உன்ர,
மல்லாவிக் கூட்டாளி