நீல நோட்டையும் பாடத்தில் சேருங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் கணினிப் பயன்பாடு, வணிகவியல், மேலாண்மைத் துறைப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பதினெட்டு வருடமாக ஒரே பாடத்தை நடத்துகிறேன். ஓரிடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து அதற்கேற்ற கணினி முறையை வடிவமைக்கச் சொல்லித்தரும் பாடம் அது. சில வருடம் அதன் பெயர் மேலாண்மைத் தகவல் அமைப்பு, சில வருடம் சிஸ்டம் அனாலிசிஸ் அண்ட் டிசைன். பெயர் மாறினாலும் ஐந்து யூனிட், இரண்டு மார்க் கேள்விகள், கடைசி செமஸ்டரில் ஒரு ப்ராஜெக்ட் என்பது மாறவில்லை. என்னிடம் வரும் ப்ராஜெக்ட்களில் நூலக மேலாண்மை ஒன்றாவது தவறாமல் இருக்கும். செய்த மாணவரிடம், "நம் நூலகத்தில் புத்தகம் தொலைந்தால் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டால் தெரியாது. போய்க் கேட்டுவிட்டு வா என்று நாம் அவரிடம் சொன்னதே இல்லையே.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கல்லூரியில், கட்டணத்துக்கும் தேர்வுக்கும் சேர்த்து ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அதுவரை அலுவலகத்து அண்ணன் ஒருவர் நீல அட்டை போட்ட நோட்டு வைத்திருப்பார். யாருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்னும் வரவில்லை, யார் வீட்டில் கரும்புப் பணம் வந்ததும் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், யாருக்கு முதல்வர் வாய்வார்த்தையாகத் தவணை கொடுத்தார், எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஹால் டிக்கெட் கொடுப்பார். புது மென்பொருளில் இரண்டே நிலைதான்: கட்டியாயிற்று, கட்டவில்லை. உதவித்தொகைக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் அச்சாகவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் இருட்டும் வரை அலுவலக வாசலில் நின்றார்கள். ஒரு மாணவி முதல் தாளை எழுத முடியாமலே போயிற்று.

அந்த வாரம்தான் நான் வகுப்பில் சாத்தியக்கூறு ஆய்வின், அதாவது ஒரு கணினி முறை ஓரிடத்துக்குச் சரிப்பட்டு வருமா என்று முன்கூட்டியே பார்ப்பதன், வகைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். மென்பொருள் வாங்கிய குழுவில் அந்த அண்ணன் இல்லை. செய்து கொடுத்தவர்களும் அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காரவில்லை. இதே பாடத்தை நடத்தும் நானும் மாடியிலிருந்து இறங்கிப்போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை. இந்த மடலை எழுத அதுவே காரணம்.

இந்தத் துறை தொடங்கியதே வேறு மாதிரி. அலுவலகக் கணக்கு வேலையைக் கணினிக்கு முதன்முதலில் கொண்டுபோனது டீக்கடைகள் நடத்திய ஒரு நிறுவனம். லண்டனின் ஜே. லயன்ஸ் கம்பெனி 1951-ல் தன் சொந்த லியோ கணினியில் பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்தது. கணினி வருவதற்குப் பல வருடம் முன்பே அங்கே சிஸ்டம்ஸ் ரிசர்ச் ஆபீஸ் என்று ஒரு பிரிவு இருந்தது. குமாஸ்தா வேலை எப்படி நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று ஆராய்வதுதான் அவர்கள் வேலை. 1954-ல் டீக்கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதை லியோவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு வழக்கமான பட்டியல் இருக்கும். கடையை நடத்திய பெண்கள் தொலைபேசியில் அதில் உள்ள மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். நம் ஊர் டீக்கடைக்காரரும் பால்காரரிடம் "நாளைக்கு ரெண்டு லிட்டர் கூட" என்றுதானே சொல்கிறார்? கடை எப்படி ஓடுகிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு வடிவம் தோன்றும்.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஈனிட் மம்ஃபோர்டை நம் பாடத்திட்டங்களில் நான் பார்த்ததில்லை. லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்ய, அவர்கள் சாப்பிடும் கேன்டீனிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர்களோடு பேசியவர். பிற்பாடு, கணினியைப் பயன்படுத்தப் போகிறவர்களே அதன் வடிவமைப்பில் உட்கார வேண்டும் என்று ஒரு முறையையே வகுத்தார்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கதை பலருக்குத் தெரியும். 1992 அக்டோபர் 26 அன்று, அழைப்பு வந்த இடத்துக்கு வண்டியை அனுப்பும் வேலையைப் புதுக் கணினி முறைக்கு மாற்றினார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற விவரமே தப்பாக, வண்டி வராமல் தவித்தவர்கள் மறுபடி மறுபடி அழைக்க, எல்லாம் குழம்பிப் பத்து நாளுக்குள் காகிதத்துக்கே திரும்பினார்கள். வண்டி ஓட்டியவர்கள் தங்களுடையது என்று நினைக்காத ஒரு முறையை அவசரமாகத் திணித்தது பெரிய தவறாயிற்று. அதே சேவை அப்புறம் ஊழியர்களைக் கூடவே வைத்துக்கொண்டு நிதானமாக வேறொரு முறையை உருவாக்கி, 1996-ல் ஓட்டிக் காட்டியது. தோற்ற கதையை மட்டும் நடத்திவிட்டு இதை நாம் விட்டுவிடுகிறோம்.

சரி, நான் கேட்பது இதுதான். இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் பதினைந்தையாவது களப்பணிக்குக் கொடுங்கள். மூன்று வாரம் மாணவர் ஓரிடத்தில் உட்காரட்டும்: பால் கூட்டுறவுச் சங்கம், அரசு மருத்துவமனைச் சீட்டு கொடுக்கும் இடம், இ-சேவை மையம், லாரி புக்கிங் ஆபீஸ். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். அங்கே வேலை செய்பவர் பதிவேட்டின் ஓரத்தில் என்ன குறித்து வைக்கிறார், ஏன் குறிக்கிறார் என்று பார்த்து எழுதட்டும். அறிக்கையைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். சங்கத்துக் காசாளர் "அது நிலுவை இல்லை தம்பி, வாய்தா" என்று சொன்னால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு முழு விதியே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதவைத்தால் இரண்டும் 'பெண்டிங்' ஆகிவிடும், அந்த விதியும் காணாமல் போய்விடும்.

ஆசிரியர்களுக்கும் இது தேவை. எங்களில் பலர் படித்து முடித்த கையோடு வகுப்பறைக்கு வந்தவர்கள். கோடை விடுமுறையில் பத்து நாள் எங்களையும் ஓர் அலுவலகத்தில் உட்கார வையுங்கள்.

இன்னொன்று, பல்கலைக்கழகமே அடுத்த முறை தனக்கு ஒரு மென்பொருள் வாங்கும்போது, டெண்டர் விடுவதற்கு முன்னால் தேர்வுப் பிரிவின் உதவியாளர்களையும் கல்லூரி அலுவலகப் பணியாளர்களையும் குழுவில் சேருங்கள். விதிவிலக்குகள் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பழைய ரெகுலேஷனில் அரியர் வைத்திருப்பவர், பாதியில் நின்று திரும்பி வந்தவர், பெயரில் ஓர் எழுத்து மாறியவர் என்று தினமும் ஒருவராவது அவர்கள் மேசைக்கு வருகிறார்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். போன பருவத்தில் மதிப்பெண் இல்லாமலே களத்துக்குப் போன என் மாணவர்கள் மூன்று பேரின் நோட்டுகளைக் கொண்டுவருகிறேன். நீல நோட்டு அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கேட்டேன், அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்