பால்பா மலையில் ஒரு மாதம்

பாளையங்கோட்டை,
ஜனவரி 9

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. நான் ஊர் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கேரல் ரவுண்ட்ஸ், பண்டிகை, அப்புறம் வருஷப் பிறப்பு ஆராதனை என்று நாள் ஓடிவிட்டது, தப்பாக நினைக்காதே. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தூசியில் வண்டி ஓட்டாதே.

நீ ஒரே ஒரு வரியில் "நேபாளம் எப்படி?" என்று கேட்டிருக்கிறாய். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் ஓரம் நின்று நீ கேட்ட கேள்வி வேறு. "உண்மையைச் சொல்லு, அங்க போய் மதம் மாத்தப் போறியா?" அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வண்டி நகர்ந்தது என்பது ஒரு காரணம், எனக்கே பதில் தெளிவாக இல்லை என்பது இன்னொரு காரணம். போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இப்போது எழுதுகிறேன்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ரப்திசாகரில் கோரக்பூர். இரண்டு ராத்திரி ரயிலிலேயே போயிற்று. அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. ஒரு வளைவு வாசல்தான், நடந்தே கடந்துவிடலாம். நமக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். வளைவைத் தாண்டியதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். பட்வல் வரை சமவெளி. அதற்கு மேல் மலைப்பாதை, தான்சேன் ஊர். பால்பா மாவட்டத்தின் தலைநகரம் அது. எங்கள் வேலை தான்சேனிலிருந்து ஜீப்பில் இரண்டரை மணி நேரம் தள்ளி, ஒரு மலை முகட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் விடுதியில். எங்கள் சபையிலிருந்து போனவர்கள் ஏழு பேர். நான், ஒரு கொத்தனார், பம்பாயில் இருபது வருஷம் குழாய் வேலை பார்த்த ஒருவர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், ரிட்டயர் ஆன நர்ஸ் அம்மா, அவருடைய நாத்தனார். ஏழு பேரில் இந்தி தெரிந்தவர் அந்தக் குழாய்க்காரர் மட்டும்தான். ஒரு மாதமும் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் வாய்.

வேலை என்னவென்றால், மழைநீர்த் தொட்டி. அந்த மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டித் தீர்க்கும். வருஷ மழையில் ஐந்தில் நாலு பங்கு அந்த நாலு மாதத்திலேயே பெய்துவிடும். மிச்ச மாதமெல்லாம் ஊற்றுத் தண்ணீர்தான். அந்த ஊற்று விடுதியிலிருந்து இறங்கி ஏற ஒரு மணி நேரத் தூரம். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்னால் பிள்ளைகள் குடம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். நம் ஊர்ப் பெண்கள் மாதிரி இடுப்பில் வைப்பதில்லை. மூங்கில் கூடைக்குள் குடத்தை வைத்து, கூடையை முதுகில் ஏற்றி, ஒரு பட்டைக் கயிற்றை நெற்றியில் கொடுத்துச் சுமக்கிறார்கள். கூடைக்கு டோகோ, நெற்றிப் பட்டைக்கு நாம்லோ என்று பெயர். முழுப் பாரமும் நெற்றியிலும் கழுத்திலும்தான். ஒரு பத்து வயதுப் பிள்ளை நாம்லோவை நெற்றியில் வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, இரண்டு கையாலும் காதோரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்ததைப் பார்த்தேன். பாரத்தை இறக்கியதும் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. அதைத் துடைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டது.

கூரையில் விழும் மழையைப் பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் பிடித்து வைத்தால் வெயில் காலத்திலும் சமையலுக்காவது ஆகும். கல், செங்கல் வேண்டாம். கம்பியால் கூடு கட்டி, உள்ளும் புறமும் கோழி வலை சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, மெல்லிசாகச் சாந்து பூசும் தொட்டி. செலவு குறைவு, ஆனால் பூச்சில் தப்பு வரக் கூடாது. முப்பது வருஷம் ஓவர்சியர் வேலை பார்த்தவன், இது எனக்குக் கைவந்த வேலை என்றுதான் போனேன்.

அங்கேதான் அடி விழுந்தது. முதல் தொட்டிக்கு நடுப்பகல் வெயிலில் சாந்து பூசினோம். அந்த ஊர் மேஸ்திரி, மகர் இனத்துப் பெரியவர், கையை ஆட்டி ஏதோ சொன்னார். குழாய்க்காரர் அந்த நேரம் கீழே மணல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடரச் சொன்னேன். மலைக் காற்று எவ்வளவு வறட்சி என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பூச்சில் தலைமுடி கனத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது, நீளமாக நாலு இடத்தில். பிறகுதான் அவர் சொன்னது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று மணிக்கு மேல் நிழல் விழுந்த பிறகு பூசு, பூசினதும் பிளாஸ்டிக் தாள் சுற்று, உள்ளே ஒரு சாண் தண்ணீர் தேக்கி வை. அவ்வளவுதான்.

ஆனால் நண்பா, அதைவிட என்னை உலுக்கியது வேறு. சாந்து இறுகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? நம் ஊரில் ஒரு ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அங்கே அந்தத் தண்ணீரும் அதே ஊற்றிலிருந்து, அதே நெற்றிகளில்தான் வர வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துக் குடம், குறைந்தது பத்து நாள். இதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கப் போனவன், அந்த வாரம் கூடுதல் பாரம் ஏற்றினேன். மறுநாளிலிருந்து நாங்களும் டோகோ எடுத்தோம். கல்லூரிப் பையன்கள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். நான் பாதிக் குடம்தான் சுமந்தேன், அதற்கே வழியில் நாலு தடவை உட்கார்ந்தேன். என் பின்னால் வந்த சமையல்காரத் தீதி ஒவ்வொரு தடவையும் தானும் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு ஓய்வு தேவையே இல்லை. நான் தனியாக உட்கார வேண்டாம் என்பதற்காக உட்கார்ந்தார்.

தீதி என்றால் அக்கா. அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் 'தாய்' என்று விழுகிறது. பிள்ளைகள் எல்லாம் கொத்தனாரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதுக் கொத்தனார் அதைக் கேட்டுக் கண் கலங்கினார்.

சரி, உன் கேள்வி. நேபாளத்தில் மதம் மாற்றுவது சட்டப்படி குற்றம். 2015 அரசியல் சட்டத்திலேயே தடை இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை. இந்தத் தடை புதிதும் இல்லை. மன்னர் காலத்திலிருந்தே உண்டு. 1960களின் தொடக்கத்தில் தான்சேனிலேயே ஞானஸ்நானம் வாங்கியவர்களைச் சிறையில் போட்டார்கள். தான்சேனில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியை நடத்த வந்தவர்களும் 1954இல், மதம் மாற்ற மாட்டோம் என்று அரசாங்கத்துக்கு ஒப்புக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அதற்கு வழி திறந்ததே ஒரு பறவை ஆராய்ச்சியாளர். ராபர்ட் ஃபிளெமிங் என்று பெயர். 1949இல் பறவை பார்க்க வந்தவர், இந்த மலைகளில் வைத்தியம் இல்லாமல் ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்தார். அவர் மனைவி டாக்டர். அப்படித்தான் தொடங்கியது. இன்றைக்குப் பால்பா சுற்று வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் "மிஷன்" என்றால் ஆஸ்பத்திரிதான்.

அந்த ஆஸ்பத்திரி கட்டிடத்தைக் கட்ட 1958இல் நார்வேயிலிருந்து வந்த எஞ்சினியர் ஓட் ஹோஃப்டுன். கட்டி முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். 1963இல் பட்வலில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கினார். தச்சு, வெல்டிங், மின்சாரம் என்று மலைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களையே வைத்துத் தினாவு ஆற்றில் சுரங்கம் குடைந்து ஒரு சின்ன நீர்மின் நிலையம் கட்டினார். பிறகு ஆந்திகோலா ஆற்றில் இன்னும் பெரியது, 5.1 மெகாவாட். நேபாளிகளே நீர்மின் திட்டம் கட்டும் தொழிலுக்கு அங்கே அஸ்திவாரம் விழுந்தது என்று எங்கள் ஜீப் டிரைவர்கூடப் பெருமையாகச் சொன்னார். ஹோஃப்டுன் எத்தனை வருஷம் இருந்தார், நாங்கள் எத்தனை நாள் இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஏழு பேருக்கும் போக வர ஆன செலவு 65,000 ரூபாய். அந்தப் பணத்தை அந்த மேஸ்திரி கையில் கொடுத்திருந்தால் இன்னொரு தொட்டி எழும்பியிருக்கும், வெடிப்பும் விழுந்திருக்காது. சபையில் அறிக்கை வாசிக்கும்போது இதையும் சொன்னேன். சிலருக்கு முகம் சுருங்கியது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆக, நாங்கள் யாரையும் மதம் மாற்றவில்லை. கேட்காதவரிடம் பேசவும் இல்லை. ஜெபிக்கும்போது ஒளிந்துகொள்ளவும் இல்லை. நர்ஸ் அம்மாவுக்கு அந்த நாட்டுப் பதிவு கிடையாது, ஊசி போட முடியாது. அதனால் சாயங்காலம் முழுக்க விடுதித் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பேன் பார்த்து, தலை பின்னிவிட்டார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒருவர் பக்கத்தில் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததே இல்லை என்றார்.

ஆராதனை அங்கே சனிக்கிழமை. அன்றைக்குத்தான் நாட்டுக்கே விடுமுறை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாதல் என்று ஒரு சின்ன மத்தளம், அதன் தாளத்துக்குப் பாட்டு. கும்பிட்டு "ஜெய மசீ" என்கிறார்கள், கிறிஸ்துவுக்கு ஜெயம் என்று அர்த்தம். முதல் சனிக்கிழமை போனபோது எங்களுக்கு மட்டும் முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். ஏழு நாற்காலி. கிழவர்கள் எல்லாம் பாயில்.

அந்த நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு நம்ம வெள்ளாளன்விளை அசரியா ஞாபகம் வந்துவிட்டார். நீயும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பாய், பிற்பாடு தோர்ணக்கல் பேராயரானவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, உங்கள் பொருளை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். சின்ன வயதிலிருந்து அந்தப் பேச்சை நம் பக்கத்துப் பேச்சாகவே கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கு அந்த மலையில், அவர் யாரைப் பார்த்துப் பேசினாரோ அவர்களுடைய இடத்தில் நான் நின்றேன். சிமெண்ட் கொண்டுவந்திருந்தோம், மேஸ்திரியின் பேச்சைக் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தோம், இப்போது நாற்காலியும் கிடைத்துவிட்டது. நாங்கள் ஏழு பேரும் பாயில் உட்கார்ந்தோம். பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நாற்காலி இல்லை. மேஸ்திரி நகர்ந்து தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

இரண்டாம் தொட்டி அவர் சொன்னபடியே நடந்தது. வெடிப்பு விழுந்ததையும் அவரே வெட்டித் திறந்து மறுபடி பூசிக் கொடுத்தார். நீ கொடுத்த 5,000 ரூபாய் அங்கே 8,000 ஆயிற்று. அத்தனையும் சிமெண்டுக்கே போட்டேன், அந்த இரண்டாம் தொட்டிக்கு.

டிசம்பர் காலைகளில் தான்சேனுக்கு மேலே ஸ்ரீநகர் குன்றில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மூடி வெள்ளை ஏரி மாதிரி தெரியும். திரும்பும் வழியில் ஒரு விடிகாலை பார்த்தோம். உனக்குக் கண் நன்றாக ஆனதும் ஒரு தடவை போகலாம், வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்.

கிளம்பும் அன்று தீதி தன் பழைய நாம்லோ ஒன்றை மடித்து என் பையில் வைத்துவிட்டார். நெற்றி படும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பொங்கல் கழிந்து உன் வீட்டுக்கு வரும்போது கொண்டுவருகிறேன், தொட்டுப் பார்.

தொட்டிகள் இரண்டும் இப்போது காலியாகத்தான் நிற்கின்றன. அங்கே மழை பிடிப்பது நம் ஆனி மாசத்தில். அப்போது மேஸ்திரிக்குப் போன் போட வேண்டும், எவ்வளவு நிறைந்தது, எங்கேயாவது கசிகிறதா என்று கேட்க. நீ அன்றைக்கு இங்கே வந்துவிடு. உன் சிமெண்டும் அதில் இருக்கிறதே.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்