கிராங்க்கை நோண்டிய கதை

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். பாப்பா ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாளா? அம்மாவுக்கு முழங்கால் தேவலை. விஷயம் அதில்லை. வண்டியை நோண்டிவிட்டேன்.

அப்பாவின் புல்லட்தான். போர், அதாவது பிஸ்டன் ஓடும் பேரலின் உள்விட்டம், 70 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90; மொத்தம் 346 சி.சி. கிராங்க்குக்குப் புது ஃப்ளைவீல் சக்கரம் கடைந்து, பிஸ்டன் ராடு மாட்டும் கிராங்க் பின்னை நடுவிலிருந்து 5 மி.மீ. வெளியே தள்ளினால் ஸ்ட்ரோக் 100, 385 சி.சி. என்று லேத்காரர் சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினார். அட்டையில் போட்ட கணக்கை நான் என்றைக்கு மறுத்திருக்கிறேன்!

பின் தள்ளியதும் பிஸ்டன் 5 மி.மீ. கூடுதலாக ஏறி, பேரலின் மேல்மூடியான ஹெட்டை இடிக்க வந்தது. பேரலுக்கு அடியில் அலுமினியத் தகடு வைத்தோம். பேரல் உயர்ந்ததில் வால்வைத் திறக்கும் புஷ்ராடு எட்டவில்லை, நீட்டினோம். கையால் சுற்றிப் பார்த்தால் கீழே ‘டக்’. பிஸ்டனின் ஸ்கர்ட், அதாவது அதன் கீழ்விளிம்பு, ஃப்ளைவீலில் இடிக்கிறது. அதையும் வெட்டினோம். இப்போது காலையில் உதைத்தால், தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுக்குகிற சத்தம். ராடு பழைய நீளம்தானே, சாய்வு கூடிப் பேரல் சுவரை வேறு அழுத்துகிறது.

சும்மா சொல்லக் கூடாது, ஏற்காடு வளைவுகளில் கியர் குறைக்காமல் ஏறுகிறது. நீள ஸ்ட்ரோக்கின் மகிமை என்று குதித்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால், அது கூடுதல் 39 சி.சி.யின் இழுவை, அவ்வளவுதான். போரைப் பெருக்கி அதே 39-ஐ எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இதே இழுவை கிடைத்திருக்கும். கம்பெனிக்காரன் 500 சி.சி. வண்டிக்குப் போரை 84 ஆக்கினான், 535-க்கு 87. ஸ்ட்ரோக் மட்டும் அதே 90! போரைப் பெருக்கு என்று நீ அன்றைக்கே சொன்னாய். சரி, சிரித்துக்கொள்.

சமவெளியில்தான் வண்டவாளம். நிமிஷத்துக்கு 5,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டராக இருந்தது, இப்போது 16.7. காற்றை உள்ளே விடும் வால்வு பழைய அளவுதான், அதற்கு மேல் முறுக்கினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் ஓமலூர் ரோட்டில் அதிர்வில் ஃபுட்ரெஸ்ட் நட்டு கழன்று விழுந்தே போனது.

அன்றைக்கு ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்டா. அப்பா முப்பது வருஷம் ஓட்டியும் இந்த வண்டியில் ஒரு நட்டு உதிர்ந்ததில்லை.

பழைய கிராங்க் கிரீஸ் தடவி, அவருடைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது, புதுசைக் கழற்றிப் பழசை மாட்ட உன் புல்லரை எடுத்து வா. லேத்காரரிடம் மூச்சு விடாதே.

உன்,
அட்டைக் கணக்கு