தையல் பிரித்த பிறகும் வைத்தியம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைப்பந்து ஆடும்போது குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) அறுந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் நான். தையல் பிரித்து, காலை அசையாமல் பிடித்திருந்த பூட்ஸையும் கழற்றியதும், “இனி சாதாரணமா நடங்க” என்று அனுப்பிவிட்டார்கள். நடந்தேன், சரி. ஆனால் ஒரு வருஷம் தாண்டியும் அந்த ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கினால் பாதி உயரம்தான் எழும்புகிறது. வேட்டியை மடித்துக் கட்டினால் கெண்டைக்கால் இளைத்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. நடவு வயலில் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

இது எனக்கு மட்டும் வந்ததல்ல. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு; ஒட்டிய பின்னும் அது உரம்பெற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். ஆறும்போது சற்று நீண்டுவிட்டால் கெண்டைக்கால் சதையின் உந்துவிசை குறையும். அதனால்தான் ஆரம்பத்தில் பாதத்தை மேல்நோக்கி வலிந்து இழுக்கக்கூடாது. எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று வரும் நம்மூர்க்காரர்களை நினைத்தால் பயம்தான்! இளைத்த சதை பழையபடி தேற, படிப்படியாக எடை கூட்டிக் குதிகால் தூக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்யவேண்டும். அதை யார் சொல்லித் தருகிறார்கள்?

2021-இல் தமிழக அரசு தொடங்கிய, வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. அதில் எங்களைப் போன்றவர்களையும் ஒரு வருஷமாவது தொடர்ந்து பார்க்கவேண்டும். இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்து, பயிற்சியைத் திருத்திச் சொன்னால்கூடப் போதும். கூலியை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற எத்தனை பேரால் முடியும்?

– ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்