சமாதானத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் மன உறுதி பற்றிப் பேச்சு வந்தாலே, 'வீட்டில் சண்டையே கூடாது' என்று அறிவுரை சொல்லிவிடுகிறோம். நடக்கிற காரியமா அது? நானும் மனைவியும் சண்டை போடுவது பிள்ளைகள் எதிரில். சமாதானம் மட்டும் அவர்கள் தூங்கிய பிறகு. பாதிக் கதையை மட்டும் பார்த்த மகள் ஒரு நாள், "அம்மா மேல் இன்னும் கோபமா, அப்பா?" என்று கேட்டாள். சண்டை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது!

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கு வாய்த்தவற்றுள் முக்கியமானது, நம்பிச் சாய ஒரு பெரியவர். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டியாகவும் இருக்கலாம். (தாத்தாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களும்தான்.)

பிள்ளைகள் நம்பிச் சாயும் பெரியவர்களாக நாங்களும் இருக்க வேண்டுமே! அதனால் இப்போது மன்னிப்பையும் பிள்ளைகள் எதிரிலேயே கேட்டுக்கொள்கிறோம். முதல் முறை எனக்குத் தொண்டை அடைத்தது. மகளோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படம் வரைந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

– ஒரு வாசகர்